டம்பியும் எங்கள் ஊர் மீன் கடையும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் மீன் கடை எங்கே என்று கேட்டால், "சாப்பிடவா, பார்க்கவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நான் எழுதப்போவது பார்க்கிற மீன் கடையைப் பற்றி. பழைய கடை வரிசையில் சைக்கிள் கடைக்கும் ஃபோட்டோஸ்டாட் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் நாளைக் காலையில் அந்தக் கடைப் பையன் என் வீட்டு கேட்டில் வந்து நிற்பான். ஊர்க்காரர்களுக்கு இந்த அடையாளமே போதும்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் 31 வருஷம் டிரசர். பாம்புக் கடி, பிரசவம், பால்கத்தி வெட்டு, செம்பனை முள் குத்திச் சீழ் பிடித்த கால் என்று எல்லாம் பார்த்தாயிற்று. தவளை பார்த்ததில்லை. போன வருஷம் பள்ளி விடுமுறையில் பேத்திக்கு கப்பி மீன் வாங்கப் போனதில்தான் வந்தது வினை.

கடையின் பின்பக்கம், ஆமைத் தொட்டிகளுக்கு மேலே, ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பச்சையாக ஒன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாழையிலையின் பச்சை. எண்ணெய் தேய்த்து உட்கார வைத்த குழந்தை மாதிரி மினுமினுப்பு, மடிப்பு மடிப்பாகத் தொப்பை, வாயில் ஒரு நிரந்தரச் சிரிப்பு. மேலே சீட்டு: "டம்பி ஃப்ராக். ஆஸ்திரேலியா இம்போர்ட். 85 வெள்ளி." பேத்தி அதைத் "தம்பி" என்று படித்தாள். அப்புறம் என்ன, தம்பியைக் கடையில் விட்டுவிட்டு எந்த அக்காள் வீட்டுக்கு வருவாள்? ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு வந்தோம். இன்றைக்கும் கடைக்காரனை நான் "தம்பி" என்று கூப்பிட்டால் அவள் தவளையைத் திரும்பிப் பார்க்கிறாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பையனிடம் தேவையில்லாததைத் தலையில் கட்டுகிற புத்தி இல்லை. சூடு தரும் விளக்கு வேண்டுமா என்று கேட்டேன். "எதுக்கு டிரசர் தாத்தா? இந்த ஊர் வெயிலுக்கு நமக்கே விசிறி பத்தல" என்றான். உண்மைதான். இந்தப் பச்சை மரத்தவளை வட ஆஸ்திரேலியாவின் வெக்கையிலும் வாழ்கிற ஜாதி. எங்கள் வீட்டு ஹாலின் சூடே அதற்குச் சரி. பெட்டியை மட்டும் அகலமாக வாங்காதீர்கள், உயரமாக வாங்குங்கள் என்றான். மரத்தில் ஏறுகிற ஜீவனுக்குத் தரையைப் பெரிதாகக் கொடுத்து என்ன செய்ய? இரண்டடி உயரக் கண்ணாடிப் பெட்டி, மேலே கம்பி வலை மூடி, 180 வெள்ளி. கதவு இறுக்கமாக மூடுகிறது, கீல் இன்றுவரை துருப்பிடிக்கவில்லை.

தண்ணீருக்கு ஆன்டி குளோரின் சொட்டு மருந்து, 5 வெள்ளி. இதைக் கட்டாயம் வாங்கச் சொன்னான். அந்த இடத்தில் எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலைத் தண்ணீரில் அழுத்தி உட்கார்ந்து, தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலிருக்கிற குளோரினும் தோல் வழியே இறங்கும். அதனால்தான் கையில் சோப்பு, கொசு மருந்து, தேங்காயெண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. தூக்கியே ஆகவேண்டும் என்றால் கையை நன்றாக அலசி, ஈரக் கையோடு தூக்க வேண்டும். பேத்திக்கு நான் போட்ட முதல் சட்டம் அதுதான்.

ஒரு சிரிப்பு. தரைக்குப் போடத் தேங்காய் மட்டைத் தூள் என்று ஒரு கட்டி தந்தான். வெளிநாட்டு அட்டை, 12 வெள்ளி. என் வீட்டுக் கொல்லையில் நாலு தென்னை நிற்கிறது. மட்டையை உரித்து ஊறப்போட்டு, உலர்த்திக் கையால் உதிர்த்து நானே போட்டுக்கொண்டேன். கட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கோபிக்காமல் காசைத் தந்தான். அதற்கும் ஒரு மார்க்.

சாப்பாடு செங்கரிக் பூச்சி, அதாவது சுவர்க்கோழி. ஒரு பை 3 வெள்ளி. சின்ன டப்பாவில் கால்சியம் பொடியைப் போட்டுப் பூச்சியையும் போட்டுக் குலுக்கினால், திருநீறு பூசிய பண்டாரம் மாதிரி வெள்ளையாக வெளியே வரும். அந்தப் பொடி இல்லையென்றால் தவளையின் எலும்பு வளையும். குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வருவது போலத்தான். வளர்ந்த தவளைக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் தீனி போதும். கேட்கிறபோதெல்லாம் போட்டால் கண்ணுக்கு மேலே கொழுப்பு மேடு தட்டி, பார்வையே மறைத்துவிடும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பெரிய தவளைக்கு அந்த மேடு ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி விட்டு வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு பூச்சி போடுகிறார்கள், பையன் தடுப்பதில்லை. இது குறை.

அது தின்பதை ஒரு தடவையாவது கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பூச்சி நகர்ந்தால்தான் இதற்குக் கண்ணில் படும். தலையை மெதுவாகத் திருப்பும். முன்னங்காலின் ஒரு விரலைத் தூக்கும், வைக்கும். பிறகு உடம்பு மொத்தமும் ஒரே பாய்ச்சல். பூச்சியின் பின்னங்கால் இரண்டும் வாய் ஓரத்தில் உதைத்துக்கொண்டிருக்க, கையால் அதை உள்ளே தள்ளிவிடும். கடைசியில் கண்ணை இறுக்கி மூடும். பேத்தி முதலில் "ருசிச்சுச் சாப்பிடுது தாத்தா" என்றாள். ருசி இல்லை. கண்முழி இரண்டும் குழிக்குள் இறங்கி வாய்க்கூரையை அழுத்தி, இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது. கண்ணால் விழுங்குகிற ஜீவன். 31 வருஷத்தில் நான் படித்த உடற்கூறில் அது இல்லை.

இனி குறைகள். வாங்கின இரண்டில் ஒன்று முதல் வாரத்திலேயே சரியில்லை. பகலில் சுருண்டு தூங்க வேண்டியது, காலைப் பரப்பிக்கொண்டு தரையில் கிடந்தது. தோல் பிசிறு பிசிறாகக் கழன்றது. தோலுரிப்பதும் உரித்ததைத் தானே தின்பதும் தவளைக்கு வழக்கம்தான். இது அப்படி இல்லை. பதினோராம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. என்ன நோய் என்று நான் சொல்லமாட்டேன். பரிசோதனை இல்லாமல் நோய்க்குப் பெயர் வைக்கிற டிரசர் நல்ல டிரசர் இல்லை.

கடைக்குப் போய்ச் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல் "வேற எடுத்துக்குங்க தாத்தா" என்றான். பெரிய மனசுதான். ஆனால் எடுத்துக் கொடுத்த விதம் இருக்கிறதே! ஆமைத் தொட்டியில் எச்சம் அள்ளிக்கொண்டிருந்த அதே வலையை உதறிவிட்டு, தவளைப் பெட்டிக்குள் விட்டான். அதற்கு முன்னால் அதே வலையால் தங்கமீன் பிடித்ததையும் பார்த்தேன். எனக்குப் பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடி ஊசிக் குழாயை ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் கொதிக்க வைத்த காலம் அது. வரிசையில் எழுபது பேர் வெயிலில் நின்று முனகினாலும் அடுப்பை விட்டு நகர மாட்டேன். "தம்பி, ஒரே ஊசியை ஊருக்கே போடுறியே" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. மாற்றுத் தவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கதை சொன்னேன். அந்தக் கதையைக் கொஞ்சம் இங்கேயும் சொல்ல வேண்டும்.

என் மகள் சிட்னியில் இருக்கிறாள். மூன்று மாதம் போய் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் தவளை வளர்க்கிறவர். அங்கே அதற்கு லைசென்ஸ் வேண்டும். காட்டில் பிடித்து வந்து வளர்க்கக் கூடாது. அவரிடம் இருந்தவற்றில் சில வாழைப்பழப் பெட்டியில் வந்தவை. குவீன்ஸ்லாந்து தோட்டத்தில் சீப்புக்குள் ஒளிந்திருக்கும் சின்ன மரத்தவளை, லோரியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து சிட்னிக் காய்கறிக் கடையில் கண் விழிக்கும். இப்படி ஊர் மாறியவற்றை வாங்கிப் பராமரிக்க அங்கே தவளை ஆர்வலர் சங்கமே இருக்கிறது. உங்கள் வீட்டுத் தோட்டத்திலே ஒரு குளம் இருக்கிறதே, விட்டுவிடலாமே என்றேன். விடவே கூடாது என்றார். அது என்ன நோயைச் சுமந்து வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கடைசிவரை லைசென்ஸ் உள்ளவர் வீட்டுப் பெட்டிதான் அதற்கு.

அவர் பயந்த நோய் கைட்ரிட் என்கிற பூஞ்சை. 1998-இல்தான் அதை அடையாளம் கண்டார்கள். அதற்கு முன் இருபது வருஷமாக, யாரும் மரம் வெட்டாத, மருந்து அடிக்காத சுத்தமான மலை ஓடைகளில்கூடத் தவளைகள் மாயமாகிக்கொண்டிருந்தன. பூஞ்சை தோலைத் தாக்குகிறது. தவளைக்குத் தோல் வெறும் போர்வை இல்லை, உப்புச் சத்தைக் காக்கும் உறுப்பு. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். வயிற்றுப்போக்கில் உப்பு இறங்கிச் சாகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு அது சட்டென்று உறைத்தது. 2019-இல் வெளிவந்த கணக்குப்படி உலகம் முழுக்க 501 வகைத் தவளை, தேரை, நீர்ப்பல்லி இனங்கள் இதனால் குறைந்துபோயிருக்கின்றன. அதில் 90 அழிந்தே போயின என்று கருதுகிறார்கள். பரவிய வழிகளில் முக்கியமானது வியாபாரம். உயிரோடு தவளையை ஊர் விட்டு ஊர் விற்பது.

ஆஸ்திரேலியா இழந்ததில் எனக்கு மனசு ஆறாத ஒன்று உண்டு. நம் ஊரில் பாதிப் பேருக்கு கேஸ்ட்ரிக். எஸ்டேட் கிளினிக்கில் பால் மாதிரி வெள்ளை மருந்தை பீப்பாய்க் கணக்கில் ஊற்றிக் கொடுத்தவன் நான். குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு ஓடையில் ஒரு தவளை இருந்தது. பெண் தவளை தன் முட்டையை விழுங்கிவிடும். வயிற்றில் அமிலம் சுரப்பது அப்போது நின்றுவிடும். ஆறு வாரம் போலப் பட்டினி. பிறகு வாயைத் திறந்தால் குட்டித் தவளைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அமிலம் எப்படி நின்றது என்று ஆராய்ந்தால் அல்சருக்கு மருந்து கிடைக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1980-களின் நடுவிலேயே அந்தத் தவளையின் இரண்டு இனங்களும் இல்லாமல் போயின. இரண்டாவது இனத்தைக் கண்டுபிடித்தது 1984-இல், கடைசியாகப் பார்த்தது 1985-இல். அதைப் பற்றிச் சொன்னபோது கடைப் பையன் பூச்சிப் பையைக் கட்டுவதை நிறுத்திவிட்டான்.

எல்லாம் சாவுக் கதை இல்லை. சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் நம் தமிழ் ஜனங்கள் நிறைய. அங்கிருந்து ஒலிம்பிக் பூங்கா பக்கம்தான். ஒரு காலத்தில் செங்கலுக்கு மண் வெட்டிய பெரிய குழி அங்கே இருக்கிறது. 2000 ஒலிம்பிக்குக்கு அதில் டென்னிஸ் அரங்கம் கட்டுவதாக இருந்தார்கள். குழியில் பச்சையும் பொன்னுமாக ஒரு அரிய தவளை இருப்பது தெரிந்ததும் அரங்கத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது குழிக்கு மேலே வட்டமாக நடைபாலம் போட்டிருக்கிறார்கள். மகள் கூட்டிப் போனாள். அதே தவளைக்கு அதே செங்கல்தான் இப்போது மருந்தும் ஆகியிருக்கிறது. மக்குவாரி பல்கலைக்கழகத்தார் ஓட்டைச் செங்கல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசி, சின்னக் கண்ணாடிக் கூடாரத்துக்குள் அடுக்கி வைத்தார்கள். தவளை ஓட்டைக்குள் போய் உட்காரும். வெயிலில் செங்கல் சூடேற, பூஞ்சைக்குச் சூடு ஆகாது, தவளை பிழைக்கும். பிழைத்தது மறுபடி எளிதில் நோயில் விழுவதுமில்லை. 2024-இல் இதை வெளியிட்டார்கள். பாட்டி வைத்தியம் மாதிரி எளிமை. ஒத்தடம்தானே!

எங்கள் வீட்டுத் தம்பியின் ஜாதிக்கும் என் தொழிலுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பிரிட்டனிலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு 1788-இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த முதல் கப்பல் கூட்டத்தோடு போன தலைமை வைத்தியர் ஜான் வைட். 1790-இல் இந்தத் தவளையை முதலில் எழுதி வைத்தவர் அவர். ஆனால் எழுதியது நீலத் தவளை என்று! சாராயத்தில் ஊறிய தவளையின் தோலில் மஞ்சள் கரைந்துபோக, பச்சையில் மிஞ்சியது நீலம். அறிவியல் பெயரில் இன்றும் நீலம்தான் இருக்கிறது. எங்கள் தொழில்காரர் பண்ணின தப்பு, இருநூறு வருஷம் தாண்டியும் திருத்தப்படவில்லை.

சீட்டுக்கு வருகிறேன். "ஆஸ்திரேலியா இம்போர்ட்" என்று எழுதியிருந்தது சரியில்லை. ஆஸ்திரேலியாவின் சொந்தத் தவளையை உயிரோடு வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய அந்த நாட்டுச் சட்டம் விடுவதில்லை. அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது? வெளிநாடுகளில் பெட்டியில் பிறந்து பெட்டியில் வளர்ந்து பல தலைமுறை ஆன தவளைகள் உண்டு. பாப்புவாவின் தென்பகுதியிலும் இதே ஜாதி இருக்கிறது, இந்தோனேசியப் பக்கத்தில் காட்டில் பிடித்து வருவதும் உண்டு. இரண்டும் ஒன்றில்லை. பெட்டியில் பிறந்தது என்றால் நான் நிம்மதியாக வாங்குவேன். காட்டில் பிடித்தது என்றால் எனக்கு வேண்டாம்.

பையனிடம் கேட்டேன். "சப்ளையர் அப்படித்தான் சொன்னார் தாத்தா." சப்ளையருக்குப் போன் போடச் சொன்னேன். போட்டான். அவர் இன்னொருவரைச் சொன்னார். அவர் போனை எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனபோது சீட்டு மாறியிருந்தது: "டம்பி ஃப்ராக். 85 வெள்ளி." பொய் போய்விட்டது, பதில் வரவில்லை. என் மார்க் இதில்தான் குறைகிறது. அரிசிக்கு மில் பெயர் கேட்கிறோம், கோழிக்குப் பண்ணை கேட்கிறோம். இருபது வருஷம்வரை உயிரோடு இருக்கக்கூடிய ஒரு ஜீவனை விற்கிறவனுக்கு அது பிறந்த இடம் தெரிய வேண்டாமா?

இருபது வருஷம் என்பதை அவன் யாரிடமும் சொல்வதில்லை, அது இன்னொரு குறை. பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற காலத்திலும் தம்பி பெட்டியில் உட்கார்ந்திருப்பான். இது தெரியாமல் வாங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் அலுத்துப்போய் என்ன செய்வார்கள்? எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது, அதற்கப்பால் செம்பனை. அங்கே விட்டுவிடுவார்கள். புண்ணியம் என்றும் நினைத்துக்கொள்வார்கள். 1935-இல் குவீன்ஸ்லாந்தில் கரும்பு வண்டைத் தின்னும் என்று ஹவாயிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். வண்டு அப்படியே இருந்தது. தேரை வடக்கு முழுக்கப் பரவி, அதைக் கடித்த உடும்பும் பாம்பும் விஷத்தில் செத்தன. தோட்டத்துக்காரர்களான நமக்கு இது புரியாத விஷயமில்லை. எலிக்கு ஆந்தை வளர்த்தவர்கள் நாம். அதை யோசித்துத்தான் வளர்த்தார்கள்.

எங்கள் கால்வாயிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மழை விட்ட ராத்திரி, ஜன்னலைத் திறந்தால் மாடு கத்துகிற மாதிரி ஒரு குரல், மலாய்க்காரர்கள் காத்தாக் லெம்பு என்பார்கள். குளியலறை வாளிக்கு மேலே நுரைக்கூடு கட்டுகிற பழுப்பு மரத்தவளை, வாசல் லைட்டடியில் தேரை. இவற்றுக்கு யாரும் 85 வெள்ளி சீட்டு ஒட்டவில்லை.

வலைக் கதைக்கு ஒரு முடிவு உண்டு. இப்போது போனால் பாருங்கள், சுவரில் ஆணி அடித்து நாலு வலை தொங்குகிறது. பிடியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை டேப். பச்சை தவளைக்கு. கீழே கிருமிநாசினி வாளி ஒன்று, அலசுகிற வாளி ஒன்று. தவளைப் பெட்டியைக் கடைசியில்தான் தொடுகிறான், கையுறை போட்டு. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறபோது மட்டும் இப்படியா என்று சந்தேகம் வந்து, ஒரு நாள் சைக்கிள் கடையில் நின்று ஒளிந்து பார்த்தேன். அப்போதும் அப்படித்தான் செய்தான். இவன் அப்பாவுக்கு அம்மை குத்தும்போது அவர் என் கையைக் கடித்தார். பையன் பரவாயில்லை.

ஐந்துக்கு மூன்றரை. பெட்டி, பூச்சி, மருந்து, பேச்சு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போகலாம். தவளை வாங்குவதானால், பிறந்த இடம் எழுதித் தருகிற நாள்வரை பொறுங்கள் என்றுதான் சொல்வேன். நான் வாங்கியதைத் திருப்பித் தரப்போவதில்லை, அது வேறு கணக்கு. வளர்க்க மனமில்லாதவர்களுக்கும் அலுத்துப்போனவர்களுக்கும் ஒரு செய்தி: பையன் இப்போது வேண்டாத தவளையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். காசு கிடையாது, பூச்சிப் பை இரண்டு தருவான். கால்வாய்ப் பக்கம் போகாமல் அவனிடம் போங்கள்.

கடை காலை பதினொன்றுக்கு மேல்தான் திறக்கும், ஞாயிறு அரை நாள். செங்கரிக் பூச்சி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறது. வியாழக்கிழமை போனால் பையில் பாதி செத்தது இருக்கும், அதையும் அதே 3 வெள்ளிக்குத் தருவான். அதைப் பற்றி அவனிடம் இன்னும் பேசவில்லை.